ஹானோராவின் ஏழாவது ஒடுக்கு

அத்தியாயம் 6

டெர்வ்லா கின்செல்லாவுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. டிஸ்டில்லரி வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். அதில் கிரான்யா சிரித்துக்கொண்டிருந்தாள். 'இருநூறு வருஷ விஸ்கி, கிரான்யா டூஹியோடு ஒரு நடை' என்று கீழே எழுதியிருந்தது. அந்த டூஹி என்கிற பெயரை ஒன்பது வருஷத்துக்கு முன்பு வரை டெர்வ்லாதான் தன் பெயருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

"பேனர்ல பல்லு நல்லா விழுந்திருக்கு," என்றான் மாலக்கி.

"வந்த வேலையைப் பாரு."

"அதைத்தான் பாக்கறேன் சார்ஜன்ட். சொந்தப் பல்லு மாதிரிதான் தெரியுது."

டெர்வ்லா போலீஸில் சார்ஜன்ட் வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் மாலக்கி டீகன் மட்டும் அப்படித்தான் கூப்பிடுவான். அவன் இருபது வருஷம் டூரிஸ்ட் பஸ் ஓட்டியவன். எந்த இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் நல்ல கழிப்பறை இருக்கிறது என்பது வரை அத்துப்படி. வாயை மூடத் தெரியவில்லை என்று கம்பெனி அனுப்பிவிட்டது. டெர்வ்லா அவனைச் சேர்த்துக்கொண்டதும் கிட்டத்தட்ட அதே காரணத்துக்காகத்தான்.

உள்ளே கல் கட்டடத்தின் நடுவில், சிவப்புக் கயிறு கட்டிய மேடையில், ஹானோரா உட்கார்ந்திருந்தாள். அல்லது ஹானோரா மாதிரி ஒன்று. ஹானோரா என்பது 1819-ல் அடித்த செம்பு அண்டா. கில்டரா ஊரின் முதல் விஸ்கி அதில்தான் காய்ச்சப்பட்டது. அதைப் பார்க்கத்தான் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். இன்று நாலு மணிக்கு டப்ளினிலிருந்து பாரம்பரியச் சுற்றுலாக் குழு வருகிறது. கில்டராவைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள். குழுவுக்கு முன்னோட்டமாகக் காலையில் வந்த நிபுணர் அண்டாவைத் தட்டிப் பார்த்தார், அடியில் லேசாகச் சுரண்டிப் பார்த்தார், "இது மெஷின்ல உருட்டின தகடு. நகல்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நேத்து அஞ்சு மணி டூர் வரைக்கும் நிஜ ஹானோரா இங்கதான் இருந்தா," என்றான் கோர்மக் டூஹி. டிஸ்டில்லரியின் சொந்தக்காரன். டெர்வ்லாவின் முன்னாள் கணவன். இன்றைய கட்சிக்காரனும் அவன்தான். "ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் யாரோ கேமராவை நிறுத்தியிருக்காங்க. பூட்டு உடையல. சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட. நான் டப்ளின்ல விருந்துல இருந்தேன், நாப்பது பேர் சாட்சி."

"இன்னொண்ணு?"

"கிரான்யாகிட்ட." அவன் பெருமூச்சு விட்டான். "என் பொண்டாட்டி. நான் சொல்லக் கூடாது. ஆனா அந்த மூணு மணி நேரம் எங்க இருந்தேன்னு சொல்ல மாட்டேங்கறா. நாலு மணிக்கு போலீஸைக் கூப்பிடப் போறேன். அதுக்கு முன்னாடி உன் ரிப்போர்ட் கையில இருந்தா நல்லது. நீ எழுதினா ஸ்டேஷன்ல மதிப்பாங்க. இன்ஷூரன்ஸ்காரனும் மறுபேச்சு பேச மாட்டான்." அவள் முழங்கையை லேசாகத் தொட்டான். "நீ இருந்திருந்தா இந்த மாதிரி நடந்திருக்குமா டெர்வ்லா?"

அந்த ஒரு வாக்கியம் டெர்வ்லாவுக்குள் தேனாக இறங்கியது. வெட்கமாக இருந்தாலும் இறங்கியது.

* * *

விஸ்கியை ருசி பார்க்கும் அறையில் கிரான்யா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. அழுத கண்ணிலும் அழகாக இருந்தாள். அதையும் டெர்வ்லாவால் மன்னிக்க முடியவில்லை.

"நேத்து ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"சொல்ல முடியாது."

"யாரோட இருந்தீங்க?"

"தனியா."

"தனியா இருந்ததைச் சொல்றதுல என்ன வெக்கம்?"

கிரான்யா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். சுட்டது அந்தப் பார்வை. திமிர், என்று டெர்வ்லா மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்," என்றாள் கிரான்யா. "நிபுணர் தட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஹானோரா உடம்புல ஏழு ஒடுக்கு. இதுல ஆறுதான் இருக்கு. ஏழாவது இல்ல."

"அடிச்சவன் ஒண்ணை விட்டிருப்பான்."

"எந்தச் செம்புக் கொல்லனும் விட மாட்டான். பழைய அண்டா ஓட்டையாகிப் புதுசு அடிச்சா, பழசுல இருக்கற அத்தனை ஒடுக்கையும் அதே இடத்துல, அதே ஆழத்துல அடிச்சு வெப்பாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் விஸ்கி ருசி மாறிடும்னு பயம். உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் இந்த வீட்டுல இருந்தவங்கதானே?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் மிளகாய்த்தூள் இருந்தது.

"அந்த ஏழாவது ஒடுக்குக்கு என்ன விசேஷம்?" என்று மாலக்கி கேட்டான்.

கிரான்யாவின் குரல் தானாகவே டூர் குரலாக மாறியது. "1831. வரி வசூல் பண்ண வந்த சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால அண்டாவை உடைக்கப் பாத்தான். சொந்தக்காரி ஹானோரா குறுக்க விழுந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டா. ஒரே ஒரு அடிதான் அண்டாவுல பட்டுது. டூரிஸ்டுங்க அந்த இடத்துலதான் அழுவாங்க."

"யார் சொன்ன கதை இது?"

"கோர்மக்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொன்னார். இப்பவும் ஒவ்வொரு டூர்லயும் அந்த இடம் வந்ததும் அவரே நடுவுல புகுந்து சொல்வார். சொல்லும்போது அவருக்கே கண்ணு கலங்கிடும்."

டெர்வ்லா எழுந்துவிட்டாள். அதற்கு மேல் அந்த நாற்காலியில் அவளால் உட்கார முடியவில்லை.

* * *

கால்வாய்க் கரைச் சுவரில் உட்கார்ந்து மாலக்கி முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தான். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினான். "சொல்லுங்க. மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"அந்தச் சிப்பாய் நான்தான்."

"1831-லயா? வயசே தெரியல சார்ஜன்ட்."

அவள் சிரிக்கவில்லை. "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் மாசம். அதுக்கு முன்னாடி ஆறு மாசமா ஒவ்வொரு வியாழக்கிழமையும் காணாமப் போவான். வரும்போது சட்டைக் கையில செவப்பா தீத்தியிருக்கும். யாரு அந்தப் பொம்பளைன்னு கேட்டேன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. 'உனக்குத் தெரியாம இருக்கறதே நல்லது'ன்னு சோகமா சிரிச்சான். கையில போலீஸ் டார்ச் இருந்துது. வீசிட்டேன். அவன் குனிஞ்சுட்டான். ஹானோரா வாங்கிக்கிட்டா."

"அவர் என்ன சொன்னார்?"

"நான் வீட்டை விட்டுப் போறேன்னு சொன்னப்ப வாயே திறக்கல. செம்புல பள்ளம் விழுந்ததும் அலறினான் பாரு, பக்கத்து வீட்டு நாயெல்லாம் குரைச்சுது."

அவள் விவாகரத்துக் கொடுத்து இரண்டு வருஷம் கழித்து, கார்க் நகரத்திலிருந்து பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு டூர் நடத்த வந்தவள் கிரான்யா. வந்த ஒரே வருஷத்தில் மிசஸ் டூஹி ஆனாள். அந்த வியாழக்கிழமைக்காரி இவள்தான் என்று டெர்வ்லா அன்றே முடிவு கட்டிவிட்டாள். வருஷக் கணக்கு உதைத்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

மாலக்கி மெல்லுவதை நிறுத்தினான். "இருங்க. இந்த நகலை அடிச்சவன் ஆறு ஒடுக்கு இருக்கற ஹானோராவைப் பாத்து அடிச்சிருக்கான்."

"ம்."

"அதாவது நீங்க டார்ச்சை வீசறதுக்கு முன்னாடி."

"ம்."

"அப்போ கிரான்யா கார்க்ல பசங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தா."

"ம்."

"இத்தனை 'ம்' வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாது சார்ஜன்ட்."

 அந்த ஒடுக்கின் வயசு ஒன்பது என்பது கோர்மக்கையும் இப்போது மாலக்கியையும் விட்டால் டெர்வ்லாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டால் போதும். நாலு மணிக்கு போலீஸ் ஜீப் வரும். கிரான்யாவை அவளுடைய பேனரைத் தாண்டியே கூட்டிக்கொண்டு போவார்கள். ஊரே வாசலில் நின்று பார்க்கும். டெர்வ்லா அந்தக் காட்சியை முழுசாக இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்தாள். இனித்தது.

"எனக்கு அவளைப் பிடிக்காது," என்றாள்.

"தெரியும்."

"அவ உள்ள போனா நான் சந்தோஷப்படுவேன்."

"தெரியும். டீ ஆறுது."

அவள் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைச் சுவர் மேல் வைத்தாள். "அவ செய்யல மாலக்கி. எழவு, அவ செய்யல."

"அப்போ நகலை அடிக்கச் சொன்னது உங்க ஆளுதான். ஆனா ஒண்ணு உதைக்குதே. ஒடுக்கு எப்போ விழுந்துதுன்னு அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் உங்களையே கூப்பிட்டு அண்டாவைக் காட்டுவாரா?"

"அவன் மறந்துட்டான். தினம் மூணு டூர், ஏழு வருஷம். சிப்பாய் அடிச்சான், சிப்பாய் அடிச்சான்னு சொல்லிச் சொல்லி அவனே நம்பிட்டான். கண்ணு கலங்குதுன்னு சொன்னாளே, கேட்டியா?"

மாலக்கி தலையாட்டினான். "இது எங்க தொழில்ல இருக்கற வியாதிதான். ஒரு மொட்டைக் கோட்டைக்கு நானே ஒரு பேயைக் கட்டி விட்டேன், தலையில்லாத சமையல்காரி. பத்து வருஷம் மைக்ல சொன்னேன். இப்போ பஸ் பஞ்சரானாக்கூட அந்தக் கோட்டை முன்னாடி இறங்க மாட்டேன்." சாண்ட்விச்சை மறுபடி கடித்தான். "சரி, கொல்லன் யாருன்னு பாப்போம். ஒடுக்கு ஒண்ணு விடாம அடிக்கறவர்னா இந்தப் பக்கத்துல என்னிஸ்கார்த்தி ஊர் பாட்ஸி ஹெஃபர்னன் ஒருத்தர்தான். பட்டறையைச் சுத்திக் காட்ட பஸ்ஸைக் கூட்டிட்டுப் போவேன். மனுஷன் வியாழக்கிழமை மட்டும்தான் வெளியாளை உள்ள விடுவார். செம்புக்கு மெருகு போடற செவப்புப் பொடி அங்க புழுதி மாதிரி பறக்கும். ஒரு தடவை சட்டைக் கை ரெண்டும் செவப்பாகி, என் பொண்டாட்டி அதை லிப்ஸ்டிக்னு நினைச்சு ஒரு வாரம்..."

அவன் பாதியில் நிறுத்தினான். டெர்வ்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனைப் போடு," என்றாள்.

பாட்ஸி ஹெஃபர்னனுக்குக் காது மந்தம். ஞாபகம் மந்தமில்லை. "ஹானோராவா? நானேதான் அடிச்சேன். ஆறு ஒடுக்கு, விரலால அளந்து அளந்து வெச்சேன். டூஹின்னு ஒருத்தர். ஆறு மாசம் வாராவாரம் வந்து பக்கத்துலயே நிப்பார். வீட்டுக்குத் தெரியக் கூடாதும்பார். பொண்டாட்டி போலீஸாம், பாவம், பயந்து சாவார். நிஜ அண்டாவை யாரோ அமெரிக்காக்காரனுக்கு விக்கறதா இருந்தார் போல. அந்தாளு செத்துட்டான், நகல் வீணாப்போச்சுன்னு ஒரே புலம்பல். ஏன்மா, நீ யாரு?"

"பொண்டாட்டி," என்று சொல்லிவிட்டு டெர்வ்லா போனை வைத்தாள்.

வேறு பொம்பளையே கிடையாது. ஒருத்திகூட இல்லை. பொம்பளை இருக்கிறாள் என்று நினைத்த மனைவி அழுதுகொண்டு வீட்டை விட்டுப் போவாள். திருட்டு நடக்கிறது என்று தெரிந்த சார்ஜன்ட் விலங்கை எடுப்பாள். கோர்மக் கணக்குப் போட்டு, அழுகிறவளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். ஒன்பது வருஷம் அவளை எரிய விட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். டெர்வ்லாவுக்கு அழுகையும் வந்தது, அவனைக் கால்வாயில் தள்ளவும் தோன்றியது.

"இப்போ புது ஆள் யாரோ கிடைச்சிருக்கான். நிஜ அண்டாவை வித்த பணம் ஒரு பக்கம், திருடு போச்சுன்னு இன்ஷூரன்ஸ் ஒரு பக்கம்," என்றான் மாலக்கி மெதுவாக. "தூக்கிட்டுப் போக வாங்கறவனோட ஆளுங்ககிட்ட தன் சாவியைக் கொடுத்திருப்பார். அது சரி. இந்த ஊர்ல துப்பறியறவங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க. உங்களை ஏன் கூப்பிட்டார்?"

டெர்வ்லா எழுந்து பாவாடையில் ஒட்டிய சுவர்த் தூசியைத் தட்டிவிட்டாள். "கிரான்யாவை மாட்டிவிட என்னை விட ஆசையா யார் வேலை பாப்பாங்க?"

* * *

மூன்றரை மணிக்கு அதே ருசி பார்க்கும் அறையில் கிரான்யா துடைத்த கண்ணாடிக் கோப்பைகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோர்மக் வியாழக்கிழமையில எங்கயாவது போவானா?" என்று கேட்டாள் டெர்வ்லா.

கோப்பை மேஜையில் டக்கென்று இறங்கியது. "அதை நீங்க என்கிட்ட கேக்கறீங்களா? உங்களுக்கே கொஞ்சம் ஓவரா தெரியல?"

"என்னது?"

"உங்க வீட்டுக்குத்தானே வர்றார்! மூணு மாசமா! கார்ல உங்க தோட்டைப் பாத்தேன். பச்சைக் கல்லு. உங்க பழைய கல்யாண போட்டோவுல போட்டிருக்கீங்க. இது என்னன்னு கேட்டா, 'உனக்குத் தெரியாம இருக்கறதே நல்லது'ன்னு சிரிக்கறார்."

டெர்வ்லாவின் கை தன் காதுக்குப் போனது. "அந்தத் தோடு தொலைஞ்சு பத்து வருஷமாச்சு."

"பொய்."

"நேத்து எங்க இருந்தீங்க கிரான்யா?"

அவள் காது மடல் சிவந்தது. கோப்பையை எடுத்து மறுபடி ஒரு தடவை துடைத்தாள். "உங்க வீட்டு வாசல்ல. கார்ல. நேத்தும் வியாழக்கிழமைதானே. டப்ளின் விருந்துன்னு சொன்னார், நான் நம்பல. உங்க வீட்டுக்குத்தான் வருவார்னு ஆறு மணியிலேர்ந்து உக்காந்திருந்தேன். ஆறரைக்கு இந்த ஆளு வறுத்த உருளைக்கிழங்கு பொட்டலத்தோட வந்தார். வினிகர் போடாம வாங்கிட்டு வந்தியான்னு நீங்க வாசல்லயே திட்டினீங்க. அப்புறம் கறுப்புக் குப்பைத் தொட்டியை வெளிய வெச்சீங்க, பச்சைத் தொட்டி வாரம்னு ஞாபகம் வந்து திரும்ப இழுத்துட்டுப் போனீங்க. யாரும் வரல. ஒன்பதுக்குக் கிளம்பி வந்துட்டேன். போதுமா? இதை நான் போலீஸ்கிட்ட சொல்லணுமா? இந்த ஊர்ல, என் பேனருக்குக் கீழ நின்னுக்கிட்டு?"

"என் மானமும்தான் போச்சு," என்றான் மாலக்கி. "வினிகர் தீர்ந்துபோச்சுன்னு கடைக்காரனே சொன்னான்."

காலையில் பார்த்த அந்தப் பார்வை திமிர் இல்லை என்று டெர்வ்லாவுக்கு இப்போது புரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று ஒன்பது வருஷம் அவளே பார்த்துவந்த பார்வைதான் அது. மூன்று மாசமாக ஒரு தோட்டைக் காட்டி, இவளையும் எரிய விட்டு, வியாழக்கிழமை சாயந்திரம் எங்கே போய் உட்காருவாள் என்று கணக்குப் போட்டு, அதை உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டாள் என்றும் கணக்குப் போட்டிருக்கிறான்.

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டார்ச், வியாழக்கிழமைகள், சிவப்புப் பொடி, பாட்ஸி. கிரான்யா துணியை மடித்து வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும் சொன்னாள்.

"அப்போ நாம ரெண்டு பேரும் இத்தனை நாள் வயிறெரிஞ்சது ஒரு அண்டாவைப் பாத்தா?"

"நான் உன்னைப் பாத்துதான் எரிஞ்சேன்," என்றாள் டெர்வ்லா. "இன்னிக்கு மதியம் சாண்ட்விச் தின்னும்போதுகூட. ரெண்டு நிமிஷம் உன்னை ஜெயில்ல போட்டுப் பாத்தேன். நல்லா இருந்துது. மன்னிச்சுக்கோ."

"நான் நேத்து உங்க டயர்ல ஆணி அடிக்கலாமான்னு யோசிச்சேன்," என்றாள் கிரான்யா. "ஆணி இல்ல."

கதவு திறந்தது. கோர்மக் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். வெளியே குழுவின் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "முடிஞ்சுதா டெர்வ்லா? போலீஸைக் கூப்பிடலாமா?"

"நானே கூப்பிடறேன்," என்று டெர்வ்லா எண்களை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள். கில்டரா ஸ்டேஷன் என்றது ஒரு இளம் குரல். அவள் போனை மேஜை மேல் கிரான்யா பக்கம் நகர்த்தினாள். "நேத்து சாயந்திரம் நீ எங்க இருந்தேன்னு சொல்லு."

கோர்மக் புன்னகைத்தான். சொல்ல மாட்டாள் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. கிரான்யா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே குழுவினர் பேனரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பேர் கிரான்யா டூஹி," என்றாள். முதல் இரண்டு வார்த்தைதான் நடுங்கியது. "நேத்து ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் என் புருஷனோட முன்னாள் பொண்டாட்டி வீட்டு வாசல்ல உக்காந்து வேவு பாத்துக்கிட்டிருந்தேன். பொறாமைதான், வேற காரணம் இல்ல. எழுதிக்கோங்க."

போனில் பேனா கீறும் சத்தம் கேட்டது. "சாட்சி யாராவது உண்டா மேடம்?"

"உண்டு," என்றாள் டெர்வ்லா, போன் பக்கம் குனிந்து. "அந்த முன்னாள் பொண்டாட்டி நான்தான். நேத்து என் வாசல்ல நடந்ததை ஒண்ணு விடாம சொல்லிட்டா, அத்தனையும் நிஜம். ஜீப்பை அனுப்புங்க, இங்க வேற ஆளை ஏத்தணும்."

கோர்மக் உட்கார நாற்காலியைத் தேடினான். இருந்த இரண்டிலும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.